திங்கட்கிழமையே முடிந்துபோன வாரம்

புக்கிட் மலாத்தி தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு வகுப்பின் மகிழ்கற்றல் வாரம், திங்கட்கிழமை காலையில் தொடங்கி, அன்றைக்கே பள்ளி விடும் நேரத்துக்குள் வெள்ளிக்கிழமை வரைக்கும் நடந்து முடிந்துவிட்டது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். முரியல் டீச்சரும் முதலில் சிரிக்கத்தான் செய்தாள்.

அவள் ஜெராம் ஊர்க்காரி. விடியுமுன்னே காடியைக் கிளப்பிக்கொண்டு கோலசிலாங்கூர் சாலையில் வந்து, பெரிய சாலையை விட்டு இறங்கி, செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்கிறவள். ஒப்பந்த ஆசிரியை. ஆண்டுக்கு ஒருமுறை தலைமையாசிரியர் ஒரு கையெழுத்துப் போட்டால் மறு ஆண்டும் வேலை இருக்கும். அந்த ஒரு கையெழுத்துக்காக மற்ற நாளெல்லாம் அவர் சொல்வதற்குத் தலையாட்டி வைக்க வேண்டும். மற்றபடி சுதந்திரமான உத்தியோகம்தான்.

மகிழ்கற்றல் வாரத்தைக் கண்டுபிடித்தது கல்வித் துறையின் மகிழ்கற்றல் பிரிவு. பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, விளையாடி, கதை கேட்டு, செடி நட்டு, சமைத்து, கடைசி நாளில் எல்லாருக்கும் நன்றி சொல்லி, வாரம் முழுக்க மகிழ்ச்சியாகவே கற்க வேண்டும் என்று அங்கிருந்து உத்தரவு வந்திருந்தது. மகிழ்ச்சியைச் சும்மா நம்பிவிட முடியாது, அதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் என்றால் படம். படத்தில் எல்லாரும் சிரிக்க வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

தலைமையாசிரியர் முருகையா கெட்டவர் இல்லை. பிரிவிலிருந்து போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுவார், அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை, செகிஞ்சானிலிருந்து ஒரு கல்யாணப் படக்காரரைக் கூட்டிக்கொண்டு அவர் வகுப்புக்குள் வந்தார். 

"டீச்சர், அறிக்க இன்னிக்கி சாயந்தரத்துக்குள்ள போயாகணும்."

"ஐயா, வாரமே இன்னிக்கித்தானே தொடங்குது?"

"வாரம் முடிஞ்சி அறிக்க அனுப்பறதெல்லாம் பழைய மொற லா. மொதல்ல அறிக்க, அப்பறம் வாரம். அப்பத்தானே வாரம் ஒழுங்கா நடக்குதான்னு அவங்க ஒப்பிட்டுப் பாக்க முடியும்?"

முரியல் இதை யோசித்துப் பார்த்தாள். யோசிக்க யோசிக்க அது சரி என்றே பட்டுவிடும் போலிருந்ததால் யோசிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

படக்காரருக்கு மறுநாள் முதல் மூன்று கல்யாணம். ஆகவே ஐந்து நாளையும் அன்றைக்கே எடுத்தாக வேண்டும். பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் திங்கட்கிழமை விளையாடினார்கள். சட்டைக் காலரைத் திருத்திக்கொண்டு செவ்வாய்க்கிழமை கதை கேட்டார்கள். விளையாட்டுச் சட்டைக்கு மாறிப் புதன்கிழமை செடி நட்டார்கள். வியாழக்கிழமைக்கு முரியல் பூப்போட்ட பாத்தேக் உடை உடுத்த வேண்டும். ஆசிரியர் கழிவறையில் ஒற்றைக்காலில் நின்று மாற்றிக்கொண்டு ஓடிவந்தாள். வெள்ளிக்கிழமைக்குச் சேலை. தலைமையாசிரியர் தாமே நாற்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் தள்ளித் தள்ளி வைத்தார். அப்படித் தள்ளும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது.

"டீச்சர், கொஞ்சம் சாஞ்சி நில்லுங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி வெக்கப்படாதீங்க," என்றார் படக்காரர். வியாழக்கிழமையை எடுக்கும்போது வெளியே ஒரு பாட்டம் மழை பிடித்துக்கொண்டது. சன்னல் கண்ணாடியில் நீர் வழிவது படத்தில் விழுந்துவிட்டது. தலைமையாசிரியர் தயங்காமல் அறிக்கையில் எழுதினார்: வியாழக்கிழமை மழையையும் பொருட்படுத்தாமல் மாணவர்கள் மகிழ்ந்தனர்.

ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அது துளசியின் இடம்.

"ஐயா, துளசி வரல. பல்லு புடுங்க கிளினிக்குக்குப் போயிருக்கா. லீவுக்கு டாக்டர்கிட்ட எம்.சி. வாங்கிட்டு வரேன்னு அவங்கப்பா சொன்னாரு."

"ஒரு பிள்ளதானே லா. நாளைக்கி வந்து சேந்துக்கட்டும்."

காலி நாற்காலி கண்ணை உறுத்துகிறது என்று படக்காரர் சொன்னார். அலுவலகத்திலிருந்த ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐந்து நாளிலும் அந்தப் பூச்சாடி துளசியின் நாற்காலியில் அழகாக வீற்றிருந்தது.

துளசியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பா தனபாலன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். குத்தகைக்காரன் எங்கே போகச் சொல்கிறானோ அங்கே குடும்பமும் போகும். உலு யாமில் ஒரு பள்ளி, பிறகு இன்னொன்று, இது மூன்றாவது. முன்பு ஒருமுறை அவர்கள் ஊர் மாறியபோது பெயரை ஒரு பள்ளியில் வெட்டிவிட்டு இன்னொரு பள்ளியில் சேர்க்க மறந்து, பாதி ஆண்டு அவள் எந்தப் பள்ளிக்கும் சொந்தமில்லாமல் வீட்டில் கிடந்தாள். இங்கே வந்த புதிதில் நாள் முழுக்கப் புத்தகப்பையை முதுகிலிருந்து இறக்கவே மாட்டாள். எந்நேரமும் யாராவது கிளம்பு என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு. பையை இறக்கிவைக்க மாதக் கணக்கானது. இறக்கிவைத்த அன்றைக்கு முரியலுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பிள்ளையை இனி யாரும் இங்கிருந்து கிளப்ப விடக்கூடாது என்று அன்றே மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை துளசி வந்தாள். பிடுங்கிய பல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, எல்லாரிடமும் காட்டிக்கொண்டே வந்தாள். வகுப்பில் முதல்நாளின் படங்கள் பெரிதாக அச்சாகிச் சுவரில் வரிசையாகத் தொங்கின. முன்னால் ஒரு முக்காலியில் டேப்லெட் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். மகிழ்கற்றல் பிரிவின் உதவி இயக்குநர் திலீப் தம் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அதன்வழி வகுப்பைப் பார்ப்பார். ஒரு கண் வகுப்பில் இருக்கும், மறு கண் படத்தில் இருக்கும்.

துளசி பூச்சாடியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். டேப்லெட் பேசியது.

"டீச்சர், வகுப்புல ஒரு பிள்ள கூடுதலா இருக்கே?"

"கூடுதல் இல்ல சார். அது துளசி. எங்க கிளாஸ் பிள்ளதான்."

"செவ்வாக்கெழம படத்துல இல்லையே."

"செவ்வாக்கெழம இன்னிக்கித்தானே சார்."

திலீப் பொறுமையாகச் சொன்னார்.

"டீச்சர், செவ்வாக்கெழம நேத்தே ஒப்புதலாயிடுச்சி. ஒப்புதலான செவ்வாக்கெழமயில அந்தப் பிள்ள கெடையாது. இப்ப நீங்க எந்தச் செவ்வாக்கெழமய நடத்திக்கிட்டு இருக்கீங்க?"

தலைமையாசிரியர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். துளசியின் கையைப் பிடித்து அலமாரிக்குப் பின்னால், டேப்லெட்டின் பார்வை படாத மூலையில் நிறுத்தினார். "கொஞ்ச நேரந்தாம்மா. சத்தம் போடாத," என்றார். பூச்சாடி திரும்பவும் நாற்காலியில் ஏறியது. "இப்ப சரி," என்றது டேப்லெட்.

முரியல் கதை சொன்னாள். படத்தில் சரண் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தான். ஆகவே சரண் வாயைப் பிளந்து சிரித்தான். கதையில் அப்போது ஒரு மான்குட்டி ஆற்றில் அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகளும் தலையைத் திருப்பிச் சுவரிலிருந்த தங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அதேபோல் உதட்டை வைத்துக்கொண்டார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏழு வயதிலும் எட்டு வயதிலும் பிள்ளைகள் ஏன் என்று கேட்காமலிருப்பது நல்லதற்கில்லை என்று முரியலுக்குத் தோன்றியது. அலமாரிக்குப் பின்னாலிருந்து மட்டும் ஒரு குரல், "மான்குட்டி செத்துருச்சா டீச்சர்?" என்று மெல்லக் கேட்டது. முரியல் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே கதையின் அடுத்த வரிக்குப் போனாள்.

புதன்கிழமை பத்து மணிவாக்கில் பள்ளி வாசலில் லோரி ஒன்று குலையோடு வந்து நின்றது. தனபாலன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு இறங்கினார்.

"டீச்சர், எம்மவ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடறான்னு மெசேஜ் வந்திருக்கு. நாந்தானே காலையில மோட்டர்ல கொண்டாந்து எறக்குனேன்?"

"இங்கதாண்ணே இருக்கா. பயப்படாதீங்க," என்றாள் முரியல்.

துளசி அப்போது இருந்தது பொருளறையில். புதன்கிழமைப் படத்தில் பிள்ளைகள் வகுப்பு முழுக்கச் சிதறி நிற்பதால் அலமாரி மூலையும் கண்ணில் படும் என்று சொல்லி, தலைமையாசிரியர் அவளைக் காலையிலேயே அங்கே அனுப்பியிருந்தார். பழைய விழாக்களின் பேனர்களுக்கு நடுவே உட்கார்ந்து அவற்றை மடித்துக்கொண்டிருந்தாள். பல்லாண்டுகால வெற்றிகள் அந்த அறையில் கிடந்தன. கொஞ்சம் பல்லி நாற்றம் அடித்தது.

தலைமையாசிரியர் தனபாலனை உட்கார வைத்து விளக்கினார். வருகையைப் பிரிவு இப்போது படத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. துளசி செவ்வாய்ப் படத்தில் இல்லை, புதன் படத்திலும் இல்லை. எம்.சி.யோ திங்கட்கிழமைக்கு மட்டும்தான் இருக்கிறது.

"ஐயா, எம்மவ இங்கதானே இருக்கா? ஒங்க கண்ணு முன்னாலதானே இருக்கா?"

"இருக்கறது எனக்குத் தெரியும் தனபாலன். இல்லங்கறது சிஸ்டத்துக்குத் தெரியும். நான் ஒருத்தன், அது நாட்டுக்கே ஒண்ணு."

தனபாலன் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார். "பேர வெட்டிருவாங்களாய்யா? போன தடவ வெட்டுனப்ப ஆறு மாசம் அலஞ்சேன். புள்ள வாசப்படியில உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கும். இன்னொரு தடவ தாங்காதுய்யா."

குலையைத் தொழிற்சாலையில் இறக்கியாக வேண்டும் என்று அவர் கிளம்பிப் போனார்.

முரியலுக்கு ஒரு வழி தோன்றியது. துளசியையும் சேர்த்து ஒரே ஒரு படம் எடுத்து அறிக்கையில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. தலைமையாசிரியர் பிரிவுக்குப் போன் போட்டார். எழுந்து நின்றார். கேட்டார். உட்கார்ந்தார்.

"முடியாதாம். அந்த அறிக்கய நேத்து மாநாட்டுல காட்டிட்டாங்களாம். எல்லாரும் கைதட்டிட்டாங்க. கைதட்டு வாங்குன அறிக்கயில கைவைக்கக் கூடாதாம்."

"அப்ப துளசி?"

"வெள்ளிக்கெழம முடியட்டும் டீச்சர். திங்கக்கெழம எல்லாம் சரியாயிடும். நீங்களும் ஒப்பந்தத்துல இருக்கறவங்க. கொஞ்சம் பாத்து நடந்துக்குங்க."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். முரியல் தலையாட்டினாள். தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஓய்வு நேரத்தில் பொருளறையிலிருந்து வெளியே வந்த துளசி, யாருமில்லை என்று பார்த்து வகுப்புக்குள் நழுவித் தன் நாற்காலியருகே போய் நின்றாள். சரண் ஓடிவந்து முறையிட்டான்.

"டீச்சர், துளசி பூச்சாடி எடத்துல உக்காரப் பாக்கறா!"

முரியல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் முழுக்க நியாயம் இருந்தது. மற்றப் பிள்ளைகளும் வந்து நின்று, டீச்சர் என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தார்கள். ஒரு சிறுமி பூச்சாடியின் மேலிருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்தாள். போன வாரம்வரை இந்தச் சிறுமிதான் துளசியோடு ஒரே டப்பாவில் மீகூன் சேமியா பசியாறிக்கொண்டிருந்தவள்.

வியாழக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. அறிக்கையில் மழை. டேப்லெட் கேட்குமுன்னே தலைமையாசிரியர் தோட்டக்காரரை அழைத்து, ரப்பர் குழாயால் சன்னல் கண்ணாடிமேல் தண்ணீர் அடிக்கச் சொன்னார். தோட்டக்காரர் ஒன்றும் கேட்காமல் வெயிலில் நின்று மழை பெய்வித்தார். உள்ளே பிள்ளைகள் பொய் அடுப்பில் பொய்த் தோசை சுட்டார்கள். ஒருத்தி சன்னலைப் பார்த்துவிட்டு, "கொட கொண்டாரல டீச்சர், எப்டி வீட்டுக்குப் போறது?" என்று கவலைப்பட்டாள். "வெளிய வெயில்தாம்மா," என்றாள் முரியல். அவள் நம்பவில்லை. மற்றவர்களும் நம்பவில்லை.

பகலில் ஒரு வெள்ளை வேன் வந்தது. திலீப் நேரிலேயே வந்திருந்தார். கூட இரண்டு அதிகாரிகள், ஒரு பெரிய பழக்கூடை. தொடர்ந்து பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டைத் தேடிப் போய் ஆறுதல் சொல்வது பிரிவின் வழக்கமாம். அதற்கென்று தனியாக ஒரு பேனரும் இருந்தது. திலீப் இனிமையானவர், யாரிடமும் கடிந்து பேசத் தெரியாதவர். "ஒரு பிள்ள தொலஞ்சாக்கூட எங்களுக்குத் தூக்கம் வராது டீச்சர்," என்றார்.

"சார், தொலையல சார். பொருளறையில இருக்கா."

"நம்பிக்கய விட்டுறாதீங்க," என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

தோட்டத்துக்குள் வழி தெரியவில்லை. எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி செம்பனை வரிசை. கைப்பேசியின் வழிகாட்டி மரத்துக்குள் போ மரத்துக்குள் போ என்று கத்தியது. வேன் சுற்றிவிட்டுப் பள்ளிக்கே திரும்பி வந்தது. தலைமையாசிரியர் தலையைச் சொறிந்துகொண்டு, "அந்த வீட்டுக்கு வழி அந்தப் பிள்ளைக்குத்தான் நல்லாத் தெரியும்," என்றார். யாருக்கும் அதில் குற்றம் தெரியவில்லை. துளசியைப் பொருளறையிலிருந்து கூட்டிவந்து வேனின் முன்னிருக்கையில் ஏற்றினார்கள். முரியலும் ஏறிக்கொண்டாள்.

இரண்டு நாளுக்குப் பிறகு பெரியவர்கள் தன்னைத் தேடி வந்து கூப்பிட்டதில் துளசிக்கு ஒரே சந்தோஷம். "இங்கன வளைங்க அங்கிள். பழைய கிராணி வூட்டத் தாண்டி. மெதுவா போங்க, பள்ளமா இருக்கும்," என்று சொல்லிச் சொல்லி வழிகாட்டினாள். காணாமல்போன துளசியைத் தேடும் வண்டி துளசி சொன்ன பக்கமெல்லாம் திரும்பிப் போனது.

தொழிலாளர் லயத்து வாசலில் துளசியின் அம்மா அன்பரசி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வேனையும் பேனரையும் பார்த்ததும் கணவனுக்கு லோரியில் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திலீப் குனிந்து கூடையை அவள் மடியில் வைத்தார்.

"அம்மா, பதட்டப்படாம சொல்லுங்க. ஒங்க மக எங்க?"

அன்பரசி, அவருக்குப் பக்கத்தில் நின்ற தன் மகளைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "இந்தா... இங்கதானே நிக்கிறா?"

"நாங்க கேக்கறது வராத பிள்ளயம்மா."

"எனக்கு ஒரு புள்ளதாங்க."

அதிகாரிகளில் ஒருவர் படம் எடுக்கத் தயாரானார். தேடப்படும் பிள்ளை தேடும் படத்தில் நிற்பது முறையல்ல என்று துளசியைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னார்கள். அவள் ஒதுங்கினாள். இன்னும் கொஞ்சம் என்றார்கள். வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். படம் எடுத்து முடித்ததும் பழக்கூடையை அன்பரசியின் மடியிலிருந்து பதமாகத் தூக்கிக்கொண்டார்கள். ஜெராம் பக்கம் இன்னொரு வீட்டுக்கும் போக வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் திலீப் துளசியின் தலையைத் தடவினார். "கெட்டிக்காரப் பிள்ள. வழியெல்லாம் அழகாச் சொன்ன. பேரு என்னம்மா?"

துளசி வாயைத் திறந்தாள். திரும்பி முரியலைப் பார்த்தாள். சொல்லலாமா கூடாதா என்ற கேள்வி அந்தக் கண்ணில் இருந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள். அவளுக்குப் பதில் முரியல்தான் பேரைச் சொன்னாள், அதுவும் உரக்கவே சொன்னாள். திலீப் அதற்குள் கைப்பேசியில் வேறு யாருடனோ பேசத் தொடங்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை கேண்டீனில் நிறைவு விழா. மேடை, மாலை, பொன்னாடை, ஒலிபெருக்கி. வகுப்புக்கு முழு வருகை விருது என்று அறிவித்தார்கள். காலையில்தான் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்: வீடுவரை போய்த் தேடியும் பிள்ளை கிடைக்காததால் பிரிவு அவள் பெயரை நீக்கிவிட்டது. மிஞ்சியவர்கள் எட்டுப் பேர், வந்திருந்தவர்களும் எட்டுப் பேர். "நூத்துக்கு நூறு டீச்சர்," என்றபோது அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. முரியலின் கண்ணைப் பார்க்காமல் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

நூற்றுக்கு நூறிலிருந்து கழிக்கப்பட்டவள் கேண்டீன் தூணுக்குப் பின்னால் நின்று விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திலீப் பேசினார். மேடையேறியதும் அவர் தமிழ் பட்டுச்சேலை கட்டிக்கொண்டது.

"பெருமக்களே, ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது என்பதே நம் கொள்கை. ஆகவேதான், விடுபடக்கூடிய பிள்ளை எது என்பதை முன்கூட்டியே கண்டறிந்து, கணக்கில் சேராமல் பார்த்துக்கொள்கிறோம். வகுப்பறையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். நடப்பது நாளுக்கு நாள் மாறும் அன்பர்களே! இன்று ஒரு பிள்ளை வரும், நாளை பல்வலி என்று படுத்துக்கொள்ளும். அதை நம்பி ஒரு துறையை நடத்த முடியுமா? அறிக்கை மாறாது. அறிக்கைக்குப் பல்வலி வராது. நான் பதினைந்து ஆண்டுகளாக இத்துறையில் இருக்கிறேன். இதுநாள்வரை ஒரு வகுப்பில்கூட ஒரு பாடத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆசிரியர்கள் மேல் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை! குழந்தைகள் இல்லாமல் நாங்கள் இல்லை. அதேவேளையில், குழந்தைகள் இருப்பதால் எங்கள் பணி எவ்விதத்திலும் தடைபடாது என்பதையும் இந்த மேடையில் உறுதி கூறுகிறேன்."

கைதட்டல் அடங்கியதும் முரியலை நன்றியுரைக்கு அழைத்தார்கள். வெள்ளிக்கிழமைப் படத்தில் அவள் சேலையில் ஒலிபெருக்கி முன் வாயைத் திறந்தபடி நிற்கிறாள், எதிரே எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

தனக்கு எழுதிக் கொடுத்திருந்த உரையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மேடையேறினாள். தூணுக்குப் பின்னாலிருந்து துளசி தலையை மட்டும் நீட்டிப் பார்ப்பது தெரிந்தது. ஒப்பந்தமாவது மண்ணாவது என்று முரியலுக்கு ஒரு கோபம் எழுந்துவந்தது. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்க வகுப்புல ஒம்போது பிள்ளைங்க. ஒம்போதாவது பிள்ள பேரு துளசி. அவ எங்கயும் போகல. செவ்வாக்கெழம அலமாரிக்குப் பின்னால இருந்தா. புதங்கெழம பொருளறையில இருந்தா. நேத்து இவங்க வேன்ல முன் சீட்டுல ஒக்காந்திருந்தா. இப்ப அந்தத் தூணுக்குப் பின்னால நிக்கிறா. திரும்பிப் பாருங்க. தயவுசெஞ்சி ஒருத்தராவது திரும்பிப் பாருங்க. இந்த வாரம் பூரா நடந்தது பொய். நானும் அதுக்குக் கூட நின்னேன்."

முன்வரிசையில் ஓர் அதிகாரி, வகுப்பிலிருந்து கொண்டுவந்து மேடைச் சுவரில் மாட்டியிருந்த வெள்ளிக்கிழமைப் படத்தைப் பார்த்தார், கைதட்டினார். அடுத்தவர் தட்டினார். பெற்றோர் தட்டினார்கள். எட்டுப் பிள்ளைகளும் படத்தில் இருந்தபடியே கையை முகத்துக்கு நேராகத் தூக்கி, தலையைச் சாய்த்து, சிரித்துக்கொண்டே தட்டினார்கள். கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. அவள் மேலும் ஏதோ கத்தினாள். அது யார் காதிலும் விழவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திலீப் மேடையேறி வந்து அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். "உருக்கமான உரை," என்றார். "அடுத்த வருஷம் எல்லாப் பள்ளியிலயும் நன்றியுரை இப்டித்தான் இருக்கணும்." அவளுடைய ஒப்பந்தத்துக்குத் தாமே பரிந்துரை எழுதுவதாகவும் சொன்னார்.

தலைமையாசிரியர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அடுத்த திங்கட்கிழமைக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. சுவரிலிருந்த படங்களைக் கழற்றினார்கள். டேப்லெட் வேறு பள்ளிக்குப் போனது. பூச்சாடி அலுவலகத்துக்குத் திரும்பியது. துளசியைப் புதிய மாணவியாகப் பதிந்து, பெயர்ப்பட்டியலின் கடைசியில் சேர்த்துவிட்டார்கள். தனபாலன் மோட்டரில் கொண்டுவந்து இறக்கி, "ரொம்ப நன்றி டீச்சர், பேரு திரும்ப வந்துருச்சி," என்று இரு கையும் கூப்பிவிட்டுப் போனார். துளசி தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்துத் தலைவாரி, இரட்டைச் சடை போட்டிருந்தாள். முரியலுக்கு வாரம் முழுக்க நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. பாடம் நடத்தலாம் என்ற நினைப்பே இனித்தது.

வருகை எடுத்தாள். ஒவ்வொரு பேராகக் கூப்பிட, ஒவ்வொரு பிள்ளையாக "இருக்கேன் டீச்சர்" என்றது. கடைசிப் பேருக்கு வந்தாள்.

"துளசி."

பதில் இல்லை. முரியல் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். கூச்சப்படுகிறாள் போலும் என்று நினைத்து, இன்னும் செல்லமாகக் கூப்பிட்டாள்.

"துளசிம்மா?"

"வரல டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. துளசியும் சேர்ந்துதான் சொன்னாள்.